நிறுத்தாமல் மூன்று நிமிடம்

என் தங்கை பிக்யுன் ஃபூஜோ நகரப் பேருந்தில் பத்தொன்பது ஆண்டுகளாக நடத்துநர். மீன்கூடைக்காரிகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஒரே அதட்டலில் உள்ளே நகர்த்துவாள். அந்தத் தடத்தில் அவளைப்போல் வேலை தெரிந்தவர் கிடையாது. அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை.

போன வசந்தத்தில் உத்தரவு வந்தது. ஊர்ப்பேச்சு கலக்காமல் சீனப் பொதுமொழி பேசவேண்டும்; அந்தத் தேர்வில் தேறாத நடத்துநர்கள் பேருந்து கழுவும் கொட்டகைக்குப் போகவேண்டும். வாசிப்பில் அவள் தேறிவிடுவாள். கடைசிப் பகுதிதான் பயம்: கொடுத்த தலைப்பில், தாளைப் பார்க்காமல், மூன்று நிமிடம் நிறுத்தாமல் பேசவேண்டும்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் வானொலிச் செய்தி கேட்டே உச்சரிப்பைத் திருத்திக்கொண்டவன். தினமும் சாப்பாட்டு மேசையில் கடிகாரத்தை வைத்து அவளைப் பேசச் சொன்னேன். எங்கள் ஊர்ச் சாயல் விழுந்தால் சாப்பிடும் குச்சியால் கிண்ணத்தில் ஒரு தட்டு. அவள் நின்று, திருத்தி, தொடரவேண்டும்.

"மீன் உருண்டை ஆறுது அண்ணே. கிண்ணத்த உடைச்சாத்தான் விடுவியா?"

"நீ ஒழுங்காப் பேசு, நான் ஏன் தட்டப்போறேன்?"

ஐந்து வாரத்தில் நாற்பத்தொரு தட்டு ஒன்பதாகக் குறைந்தது. தேதிவாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

தேர்வு அறையிலிருந்து வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு நிமிஷம் நல்லாத்தான் போச்சு. ஒரு தப்பு வந்துச்சு, நின்னுட்டேன். நீ தட்டுவேன்னு காத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஒண்ணுமே வரல."



தேர்வாளர் புகைபிடிக்க வெளியே வந்தார். எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கேட்டார்: "ஏம்மா, எதையாவது பேசித் தள்ளியிருக்கலாமே. இப்ப நான் எப்படி பாஸ் போடுறது?"

பிக்யுன் திரும்பினாள். "இப்ப நீங்க பேசுறது என்ன பேச்சு சார்?"

அவர் சிரித்தார். "வெளிய பேசலாம்மா. உள்ளதான் கூடாது."

"அப்ப என் வண்டியில ஏறுற கிழவிங்க உள்ளயா, வெளியயா? அவங்களுக்கு எறங்குற இடத்த எந்தப் பேச்சுல சொல்றது?"

அங்கே தொடங்கியது அவள் பேச்சு, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே. கிழவிகள், மீன்கூடை, சில்லறை தராத குமாஸ்தாக்கள், வண்டியிலேயே பிறந்த ஒரு குழந்தை, பத்தொன்பது ஆண்டு. அவர் விரலில் சிகரெட் சாம்பலாகி விழுந்தது. பழக்கதோஷம், நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஐந்து நிமிடம் இருபது நொடி. ஓரிடத்திலும் நிற்கவில்லை.

"எல்லாம் நியாயந்தாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

திங்கட்கிழமை கொட்டகையில் அவளுக்கு ரப்பர் காலணி கொடுத்தார்கள். அவள் காலுக்கு இரண்டு அளவு பெரியது.