ஒரே கிளையின் கீழே

விடிந்ததும் வாசலில் கால் வைத்தால் உள்ளங்காலில் ஒட்டிக்கொள்ளும் கறுப்புப் பொடிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. திருவொற்றியூரில் நாங்கள் இருந்த தெருவில், ஆலைப் புகைபோக்கிகள் துப்பிய சாம்பல், கொடியில் கிடக்கும் துணி, குடத்து மூடி, காயப்போட்ட கருவாடு என்று பேதம் பார்க்காமல் படிந்து கிடக்கும். "கரி மழை" என்போம். அதைப் பெருக்குவது என் வேலை. அப்போது எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாகிவிட்டது. "எம் பொண்ணு கூட்னா தரையில சோறு போட்டுத் துன்னலாம்" என்று அம்மா குழாயடியில் சொல்லும்போதெல்லாம், குடம் தேய்க்கிற மாதிரி குனிந்துகொண்டு காதைக் கொடுத்திருப்பேன்.

எங்கள் முற்றத்தில் ஒரு மாங்கன்று இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா, மாதவரம் பக்கமிருந்து தோளில் சுமந்து வந்து நட்டது. உப்புக் காற்றுக்கும் கரிக்கும் தப்பி அந்தத் தெருவில் பிழைத்த மரம் அது ஒன்றுதான். நாலாம் வருஷம் என் தலைக்கு மேல் வளர்ந்து நாலு கிளை விட்டிருந்தது. பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோல் அம்மா அதன் இலைகளை ஈரத்துணியால் துடைப்பாள்.

அந்தத் தை மாதம், கிழக்கே நீண்டிருந்த கிளை மட்டும் வாடியது. நுனி இலைகள் தொங்கி, காய்ந்து, காய்ந்த பிறகும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தன. கரிதான் காரணம் என்றார்கள் எல்லோரும். எங்கள் பக்கம் யார் இருமினாலும் கரிதான் காரணம். அம்மா இரண்டு வேளை துடைக்க ஆரம்பித்தாள். ஆனால் அந்தக் கிளை பிரிகிற கவட்டுக்கு நேர் கீழே தினமும் கொஞ்சம் தூள் விழுந்து கிடந்தது. கறுப்பில்லை, பழுப்பு, லேசாக ஈரம். விரலில் தேய்த்தால் சாம்பலைப்போல வழுக்காமல் நார் நாராக நெருடும். பெருக்குகிறவளுக்குத் தெரியாதா? தெரிந்தது. கரியோடு சேர்த்து வாரிக் கொட்டினேன்.

பக்கத்து வீட்டில் பிலோமினா அக்கா இருந்தாள். புருஷன் காசிமேட்டில் மரப்படகு பழுது பார்க்கிறவர், அதனால் மரத்தைப் பூச்சி துளைத்தால் எப்படியிருக்கும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து உண்டு, குழம்புக் கிண்ணங்கள் அதன் வழியாகத்தான் போய் வரும். ஒரு நாள் அப்படி வந்தவள் கவட்டைத் தடவிப் பார்த்து, அம்மாவிடம், "உள்ள புழு கீதுடி. ஒரு சைக்கிள் கம்பி குடு, இஸ்து போட்டுட்டு ஓட்டைய களிமண்ணால அடைச்சிடலாம்" என்றாள்.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. தான் துடைத்து வளர்க்கிற மரத்தில் புழு என்பது, தன் பிள்ளை தலையில் பேன் என்பதுபோல. இரண்டு நாள் அடக்கிவைத்திருந்து, பிலோமினா அக்கா மீன் அலசிய தண்ணீரை வேலியோரம் ஊற்றியபோது பிடித்துக்கொண்டாள்.

"நீ ஊத்துற உப்புத் தண்ணிதான்டி என் மரத்த சாவடிக்குது. எங்க வூட்ல காய் காய்ச்சா ஒனக்கு வயிறு எரியுதா?"

தெரு கூடிவிட்டது. பிலோமினா அக்கா குரலை உயர்த்தவில்லை.

"தண்ணியால போனா மொத்த மரமும்ல போவணும்? ஒரு கெளை மட்டும் இன்னாத்துக்குக் காயுது? தோ, உம் பொண்ணுதான கூட்டுது." என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு கண்ணு. அந்தத் தூளு எங்க விழுது?"

உண்மையைச் சொன்னால் தெரு நடுவில் அம்மாவின் முகம் விழும். ஒரு மாதமாகப் பார்த்தும் வாய் திறக்காதவள் என்றாகி, நன்றாகப் பெருக்குகிறவள் என்ற என் பேரும் போகும்.

"எல்லா எடத்துலயுந்தான் விழுது" என்றேன்.

அவள் மீன் அலசிய குண்டானை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் சந்தில் தகரம் அடித்திருந்தது. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் பலகாரம் தெருவில் எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அடுத்த பொங்கலுக்குள் அவர்கள் மீஞ்சூருக்குக் குடிபோய்விட்டார்கள்.

மரம் கிளை கிளையாகப் போய், கடைசியில் அப்பா வெட்டினார். பிளந்த கட்டைக்குள் கட்டைவிரல் தடிமனில் ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது. அம்மா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அடுப்புல போடு" என்றாள். சாகிறவரைக்கும் பிலோமினா அக்காவின் பேரை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இப்போது நான் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். அந்தத் தெரு இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. வேலியும் இல்லை, சந்தும் இல்லை, ஒரு கன்று நட வெறும் மண்ணும் இல்லை. பிலோமினா அக்காவும் இல்லை என்பது, டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் அவள் மகளைப் பார்த்தபோது தெரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிள்ளைகுட்டிகளை விசாரித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

கரி மட்டும் இன்னும் விழுகிறது. ஜன்னல் கட்டையைத் துடைக்கும் முன்னால் இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பேன். வழுக்கும். வெறும் சாம்பல்தான்.

அன்றைக்குத் தூள் ஒரே இடத்தில்தான் விழுந்தது.