அப்பாவுக்கு ஒரு சவப் பரிசோதனை

நான் தடயவியல் மருத்துவத்தில் சேர்ந்த காலத்தில், சாவுக்குக் காரணம் தெரிய வேண்டுமென்றால் உடலைத் திறந்தாக வேண்டும். "வெட்டாம முடியாதா டாக்டர்?" என்று சவக்கிடங்கு வாசலில் கேட்பவர்களிடம், "சட்டம் அப்படிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். பிறகு ஸ்கேன் இயந்திரம் வந்தது. கத்தி படாமலேயே பல உடல்களை வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. அந்த இயந்திரம் வேண்டுமென்று கூட்டத்துக்குக் கூட்டம் வாதாடியவர்களில் நானும் ஒருத்தி.

போன வருஷம் அப்பா இறந்தார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். கிள்ளானிலிருந்து தம்பி சாப்பாடு கொண்டுபோனபோது குளியலறையில் விழுந்து கிடந்திருக்கிறார். போலீஸ் வந்து, உடலை நான் வேலை செய்யும் மருத்துவமனைக்கே அனுப்பியது. சொந்த அப்பாவை நான் பரிசோதிக்கக் கூடாது. சக மருத்துவர் ஒருவர் பொறுப்பேற்றார்.

வெளியே பெஞ்சில் தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"பாத்ரூம்ல கைப்பிடி வெக்கச் சொல்லிக்கிட்டே இருந்தாருக்கா. அடுத்த வாரம் பாக்கலாம்லான்னு நான்தான் தள்ளிப் போட்டேன். நான்தான் கொன்னுட்டேன்."

ஸ்கேன் முடிந்ததும் சக மருத்துவர் என்னை உள்ளே அழைத்தார்.

"மண்டை உடையல, ரத்தக்கசிவு இல்ல. ஹார்ட்டாத்தான் இருக்கும், ஆனா ஸ்கேன்ல உறுதியாச் சொல்ல முடியாது. போலீசுக்குச் சந்தேகம் இல்ல. இதோட நிறுத்திக்கலாமா?"

'இருக்கும்' என்ற சொல்லைத் தம்பியிடம் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. ஆயுள் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு அழுவான்.

"திறந்து பாத்துடுங்க" என்றேன்.

"தம்பிகிட்ட கேக்க வேணாமா?"

"நான் பேசிக்கிறேன்."

பேசவில்லை.

இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. தம்பியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "வழுக்கி விழலடா. நெஞ்சடைச்சுத்தான் விழுந்திருக்காரு. கைப்பிடி இருந்திருந்தாலும் காப்பாத்தியிருக்காது."

என் தோளில் சாய்ந்து தேம்பினான். கொஞ்ச நேரம் கழித்து, "ஸ்கேன்லயே தெரிஞ்சிருச்சா?" என்று கேட்டான். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா."

மறுநாள் தம்பியின் கிள்ளான் வீட்டில் அப்பாவைக் குளிப்பாட்டியது அவன்தான். தோளிலிருந்து கீழிறங்கும் தையலின் மேல் செம்புத் தண்ணீரை ஊற்றாமல், பக்கத்தில் ஊற்றி ஊற்றி வழியவிட்டான். வலிக்கும் என்று நினைத்தவன் போல. அப்படி எத்தனையோ தையல்களை நானே போட்டிருக்கிறேன். வீட்டில் அவற்றை யார் கை தொடும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

தம்பி இப்போது நன்றாகத் தூங்குகிறானாம், அவன் மனைவி சொன்னாள். தன்னிடம் நான் கேட்காமல் விட்ட அந்த ஒரு வார்த்தையைப் பற்றி அவன் மறுபடி பேசவில்லை.