ஆடு தின்ற போஸ்டர்

அப்பாவின் இரண்டாவது கல்யாணம் முடிந்த மூன்றாவது வாரம் நாங்கள் நால்வரும் சினிமாவுக்குப் போனோம். நால்வர் என்றால் அப்பா, நான், புதிதாக வந்தவள், அவள் கூட்டிக்கொண்டு வந்த ஆறு வயதுப் பெண். எனக்குப் பதினொரு வயது. அம்மா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. செந்துறையிலிருந்து வந்த இந்தம்மாவும் கணவனை இழந்தவள்தான். அரியலூரில் எங்கள் தெருவில் அதைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் முதல் வாரத்திலேயே பேசி முடித்துவிட்டார்கள்.

அவளை அம்மா என்று கூப்பிடச் சொல்லியிருந்தார் அப்பா. நான் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே ஒரு வீட்டில் மூன்று வாரம் இருக்க முடியும். கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும், அவ்வளவுதான்.

படத்தைத் தேர்ந்தெடுத்தது அப்பா. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போகும் வழியில் ஒரு சுவரில் போஸ்டரைப் பார்த்திருக்கிறார். பெரிய பங்களா, வாசலில் அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். குடும்பப் படம் என்று முடிவு செய்துவிட்டார். போஸ்டரின் கீழ்ப்பாதியை ஆடு தின்றிருந்தது. பசைக்காகப் போஸ்டரைக் கிழித்துத் தின்னாத ஆடு எங்கள் ஊரில் கிடையாது. பேய் அந்தக் கீழ்ப்பாதியில் இருந்தது.

தியேட்டரில் பெண்களுக்குத் தனிப் பக்கம். நடுவே இடுப்பளவுச் சுவர். அப்பா அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தார், நாங்கள் மூவரும் இந்தப் பக்கம் தரையில். கதை இதுதான். மனைவியை இழந்த ஒருவன், குழந்தையோடு இருக்கும் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டு பழைய பங்களாவுக்குக் குடிவருகிறான். செத்துப்போன முதல் மனைவி அங்கே இருக்கிறாள். அவள் வரும்போதெல்லாம் முதலில் வளையல் சத்தம் கேட்கும். பிறகு புதிதாக வந்தவளின் தலைமயிரைப் பிடித்துப் படிக்கட்டில் இழுப்பாள்.

பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெண் ஒருத்தி, "பின்ன, மூத்தா சும்மா வுடுவாளா?" என்றாள். சுற்றியிருந்தவர்கள் ஆமோதித்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அசையாமல் படத்தைப் பார்த்தாள். அவளுடைய பெண் மெல்ல நகர்ந்து வந்து என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. தன் அம்மா மடிக்குப் போகாமல் ஏன் என்னிடம் வந்தது என்று அப்போது யோசித்தேன். பேய் யாருடைய அம்மாவோ அவளிடம் இருந்தால் பத்திரம் என்று அது கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

இடைவேளையில் அப்பா சுவருக்கு மேலாக முறுக்குப் பொட்டலத்தை நீட்டி, "படம் பரவால்லயா?" என்று கேட்டார். நான் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

எனக்கு அந்தப் படம் மிகவும் பிடித்திருந்தது. இதை மறைத்துப் பயனில்லை. ஒன்றரை வருடமாக என் அம்மா சுவரில் மாட்டிய ஒரு படமாக மட்டும் இருந்தாள். அவளால் வேறு விதமாகவும் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்தேன். அவளுடைய கண்ணாடி வளையல்கள் ஒரு டஜன் துணியில் சுற்றிக் கிடந்தன. கதவுக்குப் பின்னால் நின்று அவற்றை லேசாகக் குலுக்கினேன். பின்கட்டில் புதிதாக வந்தவள் அரைத்துக்கொண்டிருந்த ஆட்டுக்கல் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி ஓடத் தொடங்கியது. சின்னப் பெண் மட்டும் வீறிட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடிற்று. அடுத்த நாளும் குலுக்கினேன். மூன்றாம் நாள் அதற்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பயந்த காய்ச்சல் என்று சொல்லி பள்ளிவாசலில் ஓதிக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். நான் வளையல்களைத் துணியில் சுற்றி மறுபடி பெட்டியில் வைத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று சாப்பிடும்போது அவள் அப்பாவிடம் சொன்னாள். "ஏங்க, வர்ற வெள்ளிக்கெழம அக்காவுக்குப் படைச்சு உத்தரவு கேட்டுர்றேன். கெடச்சா இருக்கேன். இல்லாட்டி பதினோரு மணி பஸ்ஸுக்கு நானும் புள்ளையும் செந்துறைக்கே போயிடுறோம்."

அப்பா வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "எல்லாம் அந்தச் சனியன் புடிச்ச ஆட்டால வந்தது" என்றார்.

சுமங்கலியாகப் போனவளுக்குப் புதுப்புடவை வைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டாவதாக வருகிறவள் அவளிடம் உத்தரவு கேட்பாள். போனவள் பெற்ற பிள்ளை படத்தின் மேல் ஒரு பூவைச் செருக வேண்டும். கற்பூரம் அணைவதற்குள் பூ தானாக விழுந்தால் சம்மதம். விழாவிட்டால் இல்லை. ஆக, செருக வேண்டியவள் நான்.

வியாழக்கிழமை அவள் என்னிடம் வந்து, "ஒங்கம்மாவுக்கு என்ன கலரு புடிக்கும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "என்ன பலகாரம் புடிக்கும்?" அதுவும் தெரியவில்லை. அம்மாவை முழுக்க என் சொத்தாக வைத்திருந்த எனக்கு அவளைப் பற்றி இந்த இரண்டு விஷயம்கூடத் தெரியாதது பெரிய அடியாக இருந்தது. "பச்ச. சுழியம்" என்று எனக்குப் பிடித்ததைச் சொல்லி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பச்சைப் புடவையும் இலை நிறைய சுழியமும் படத்துக்கு முன்னால் இருந்தன. அவளுடைய துணிப்பை கட்டி வாசலோரம் இருந்தது. நான் ஸ்டூலில் ஏறி, ஒரு செவ்வந்திப் பூவைச் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே காம்பு முழுக்க இறங்கும்படி செருகினேன். புயலடித்தாலும் விழாது. அவ்வளவு கோபம் அப்போதும் மிச்சம் இருந்தது.

அவள் கற்பூரத்தை ஏற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "அக்கா, நான் பறிச்சுக்கிட வரல. எம் புள்ளைக்கு ஒரு வூடு வேணும். ஒம் புள்ளைக்குத் தலவாரி வுட ஒரு ஆளு வேணும். ஒனக்குச் சம்மதமில்லன்னா சொல்லிரு, போயிடுறேன்."

பூ விழவில்லை. கற்பூரம் அடங்கிக்கொண்டே வந்தது. காய்ச்சல் விட்டிருந்த சின்னப் பெண் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்பா படத்தைப் பார்க்கவில்லை, வாசலோரம் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கற்பூரம் அணைந்தது. அவள் தரையில் கையூன்றி எழுந்தாள்.

நான் ஸ்டூலில் ஏறினேன். பூவை இழுத்தால் வரவில்லை. நகத்தால் நெம்பி எடுத்தேன். பாதிக் காம்பு உள்ளேயே தங்கிவிட்டது. இறங்கிவந்து அவளிடம் நீட்டினேன்.

"அம்மா குடுக்கச் சொன்னாங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்க்கவேயில்லை. பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, வாசலுக்குப் போய்ப் பையை எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அந்த வளையலையும் எடுத்தாந்து படத்துக்கு முன்னால வைய்யி. பொட்டிக்குள்ளயே கெடக்க வேணாம்."

அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. பேய்க்குப் பயந்து அவள் பையைக் கட்டவில்லை. அந்த வீட்டில் அவள் உத்தரவு கேட்டது என்னிடம்தான்.

வளையல்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சின்னம்மா, சுழியம் எடுத்துக்கவா?" என்று கேட்டேன்.