பதினேழாம் நம்பர் ஜாயின்ட்

எண்ணூர்க் கடலோரத்தில் டீசல் சேமிக்கப் பன்னிரண்டு தொட்டிகள் எழும்பிக்கொண்டிருந்தன. வாசலில் ‘தேசத்தின் எரிபொருள் பாதுகாப்பு’ என்று ஆளுயரப் பலகை. அதை வைத்தவர்களுக்கு வெல்டிங் ராடில் எந்த முனை எரியும் என்றுகூடத் தெரியாது என்பது வெல்டர் பீம்ராவின் கட்சி. வியாசர்பாடியிலிருந்து இருபத்தாறு வருடமாக இந்த வேலைக்கே ரயிலேறும் மனிதர். ஏசி அறையிலிருந்து வருகிற எவனையும் அவர் ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

தொட்டிக்குள் யார் பற்றவைத்தாலும் அந்த ஜாயின்ட்டின் பக்கத்தில் தன் நம்பரைத் தகட்டில் குத்தியாகவேண்டும். பீம்ராவுக்குப் பதினேழு. ஜாயின்ட் ஒழுகினால் அந்த நம்பரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். அப்புறம் தொட்டி வேலை கிடையாது, புளியந்தோப்புப் பட்டறையில் ஜன்னல் கம்பி பற்றவைக்க வேண்டியதுதான். மற்றவர்கள் நம்பர் அடிபட்டபோதெல்லாம் வாய்விட்டுச் சிரித்தவர் அவர்.

மழை விட்ட ஒரு காலை, அடித்தகடுகளுக்குக் கீழே உப்பங்கழி ஈரம் ஊறியிருந்தது. ஈரத்தோடு பற்றவைத்தால் ஜாயின்ட்டில் ஓட்டை விழும். எல்லோரும் தகட்டைச் சூடுகாட்டி, ஈரம் போன பிறகே ராடு வைத்தார்கள்.

“இத்தினி வருசம் பாத்த கை. இதுக்கும் சூடு காட்டணுமா?” என்று பீம்ராவ் மட்டும் அப்படியே உட்கார்ந்து பற்றவைத்தார்.

சோதனை நாளில் தலைமை அலுவலகத்து அதிகாரி வந்தார். ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, மேலே கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்துக் காற்றை உறிஞ்சினால், ஓட்டை உள்ள இடத்தில் சோப்பு நுரைக்கும். அந்த மகராசன் சோப்புத் தண்ணீரே ஊற்றவில்லை. வெறும் பெட்டியைக் கவிழ்த்துவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

“இன்னா சார், சோப்பு இல்லாம இன்னாத்த பாக்குற?”

அந்த ஆளை அசிங்கப்படுத்தும் ஆசையில் பீம்ராவே பெட்டியை நகர்த்தி, வாளியைத் தூக்கி, அடியில் இருந்த ஜாயின்ட்டில் ஊற்றினார். பெட்டியை மறுபடி கவிழ்த்ததும் நுரை பொங்கியது. பக்கத்தில் குத்தியிருந்தது பதினேழு.

அதிகாரி சிரித்தார். “சின்னப் புள்ளிதானே? மேலே பெயின்ட் வரும். வெள்ளிக்கிழமை மந்திரி வர்றார். துடைச்சிடுங்க.”

பீம்ராவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்தச் சிரிப்பின்மேல் அதைவிட அருவருப்பு.

சூப்பர்வைசர் பாஸ்கர் காதோரம் குனிந்தான். “அண்ணாத்த, வுடு. உன் நம்பர் தப்பிச்சிக்கும்.”

“என் நம்பர் தப்பிக்க, நெட்டுக்குப்பத்துக்காரன் மீன் புடிக்கிற தண்ணில டீசல் எறங்கணுமா?”

கிரைண்டரை எடுத்தார். பொறி பறந்ததும் அதிகாரி தொட்டியின் சுவர்வரை ஓடினார். பீம்ராவ் தன் ஜாயின்ட்டை இரண்டடி நீளத்துக்கு அறுத்தார். பிளவுக்குள் ஈர மணல் தெரிந்தது. இனி எந்தப் பெயின்ட்டும் அதை மூடாது.

“அடிச்சிடு சார் பதினேழ,” என்று கிரைண்டரைக் கீழே வைத்தார். “அப்பால, வேலை தெரிஞ்ச எவனையாச்சும் வச்சி மிச்சத்த பாரு.”