புதுக் குழாயின் முதல் தண்ணீர்

எங்கள் திருத்தணியில் நகராட்சியும் ஒரு தனியார் கம்பெனியும் கூட்டாகக் குடிநீர் தரும் திட்டத்தில், எங்கள் தெருவுக்கும் புதுக் குழாய் போட்டார்கள். எது வந்தாலும் முதலில் முருகனுக்குத்தான் என்பது எங்கள் வீட்டு வழக்கம். தண்ணீர் வந்ததுமே சொம்பில் பிடித்து, பூஜையறை வேலுக்கு அபிஷேகம் செய்தேன். அந்தத் தீர்த்தத்தை மாசமாயிருக்கும் மருமகள் கையில் ஊற்றினேன்.

வாசலில் நின்றிருந்த கம்பெனிப் பெண் பார்த்துவிட்டு உள்ளே ஓடி வந்தார்.

"யம்மா, குடிக்காதீங்க! பைப் கழுவ மருந்து கலந்து வுட்டுகினு இருக்கோம்!"

மருமகள் கையை உதறிவிட்டாள். நான் சொம்பைக் கீழே வைத்தேன்.

"சாமிக்குத்தாம்மா மொத தண்ணி எடுத்தேன்."

"ஆங், சாமிக்கு மட்டும் மருந்து தண்ணியா?" என்று சிரித்தார்.

மறுநாள் சோதித்துப் பார்த்து, அவரே வந்து பிடிக்கச் சொன்னார். தெளிவான தண்ணீர்! இப்போதெல்லாம் குழாய் வேலை நடந்தால், அவர்கள் சரி என்ற பிறகே சாமிக்கும் பிடிக்கிறேன். முருகன் கோபிக்க மாட்டான். அன்று அந்தப் பெண்ணை அனுப்பியவனே அவன்தானே!