பத்து பைக் சேர்ந்தால் வருவோம்

பிரேக் பழுதாக இருக்கலாமாம். மாற்ற வேண்டுமென்றால் அதே பிரேக்கோடு கொழும்புக்கு ஓட்டி வரவேண்டுமாம். இதைக் கேட்டுக் கோபப்படாதவன் என்ன மனுஷன்?

என் பைக்கில் முன் பிரேக்குக்கு ஒயில் போகிற ரப்பர் குழாய் வெடிக்கக்கூடும், அந்த மாடல் வைத்திருப்பவர்கள் இலவசமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று கம்பனி அறிவித்திருந்தது. நான் வேலை செய்யும் புடவைக்கடையில் ஒருவர் போனில் காட்டித்தான் எனக்கே தெரியும். கண்டியில் இருந்த அவர்களுடைய ஷோரூம், வாகன இறக்குமதி நின்ற காலத்திலேயே மூடிவிட்டது. இப்போது அங்கே கேக் விற்கிறார்கள்.

எங்கள் வீடு ஹந்தானை மலை மேலே. மகளை நான்தான் தினமும் காலையில் டவுனுக்கு இறக்குவேன். அடுத்த திங்கள் அவளுக்கு உயர்தரப் பரீட்சை தொடங்குகிறது. பஸ்ஸை நம்பினால் பரீட்சை முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி பைக் சாவியை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

“குழாய மாத்துற வரைக்கும் புள்ள அதுல ஏறாது,” என்றாள்.

இருபது வருஷமாக இந்த ரோட்டில் ஓட்டுகிறவனுக்கா பாடம் என்று குதித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு உறுத்தல். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் எங்கள் மலையில் எல்லோரும் ஒன்று பழகினோம். சரிவு தொடங்கியதும் எஞ்சினை நிறுத்திவிடுவது, பிரேக்கை மட்டும் பிடித்து டவுன் வரை உருண்டு போவது. வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. யார் எவ்வளவு தூரம் எஞ்சின் இல்லாமல் போனோம் என்பதில் பெருமை வேறு. மகள் பின்னால் உட்கார்ந்து உயிரியல் பாடத்தை ஒப்பித்துக்கொண்டு வருவாள். சத்தமில்லாமல் போவதால் எனக்கும் நன்றாகக் கேட்கும். சாவியைப் பூட்டிய அந்த வாரம் அவள் பையைச் சுமந்துகொண்டு மழையில் நடந்தே இறங்கினாள். மூன்றாம் நாள் காலில் அட்டை கடித்த தழும்புகளைப் பார்த்ததும் கம்பனிக்குப் போன் போட்டேன்.

முதலில் சிங்களத்தில் பேசினார்கள். பிறகு தமிழ் தெரிந்த ஒரு பெண் வந்தார்.

“பிரேக் சரியில்லன்னு சொல்றதும் நீங்கதான், அதோட கடுகண்ணாவ இறக்கத்துல வரச் சொல்றதும் நீங்கதான். ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்கம்மா,” என்றேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். யாரிடமோ கேட்டு வந்து, அதே மாடல் பைக் பத்து ஒரே இடத்தில் சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கை அனுப்புவதாகச் சொன்னார். பத்துதானே என்றேன். கையில் இருந்ததோ ஒன்று. அதன் சாவியும் அலுமாரிக்குள்.

அப்புறம் பாருங்கள் எனக்கு வந்த வெறியை. பகல் சாப்பாட்டு நேரம் முழுக்கத் தெருவில்தான். சிவப்புப் பெற்றோல் தாங்கியில் வெள்ளைக் கோடு, அதுதான் அடையாளம். மார்க்கெட் பக்கம் இரண்டு கிடைத்தன. பேராதனை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருந்த நான்கில் சீட்டு எழுதிச் செருகினேன். அதில் ஒன்று யாழ்ப்பாணத்து நர்ஸ் ஒருவருடையது. அன்று பின்னேரமே போன் எடுத்தார்.

“ஓம், கட்டாயம் வாறன். என்ர மகனும் அதிலதான் ஏறுறவன்,” என்றார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது சேர்ந்துவிட்டது. பத்தாவதைத் திரீவீல் ஆட்டோவில் ஏறித் துரத்தினேன். அந்த பைக்கில் பின்னால் இருந்த அவர் மனைவிக்கு ஹெல்மெட் இல்லாததால், என்னைப் பொலிஸ் என்று நினைத்து அந்த ஆள் பறந்தார். பல்லேகல மைதானம் தாண்டித்தான் பிடிக்க முடிந்தது. விஷயத்தைச் சொன்னதும் நடுரோட்டில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கும் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஞாயிறு காலை மனைவி சாவியைத் தந்தாள். எஞ்சினை நிறுத்தாமல், தனியாக, மெதுவாகப் போகவேண்டும் என்பது நிபந்தனை. கட்டுகஸ்தோட்டையில் தெரிந்த முஸ்லிம் நானா ஒருவரின் கராஜ் வாசலில் பத்து சிவப்பு பைக்கும் வரிசையாக நின்றன. அப்படி ஒரு காட்சியை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

மெக்கானிக் வந்ததும் கம்பனி அனுப்பிய கடிதத்தைக் கேட்டார். ஒருவரிடமும் இல்லை. ஏனென்றால் பத்துமே ஓப்பன் பேப்பர் பைக். பழைய சொந்தக்காரர் கையெழுத்து வைத்த தாளை வாங்கி அலுமாரியில் போடுவதோடு சரி, நம் பெயருக்கு யார் மாற்றுகிறோம்? விற்கும்போது அதே தாளை அடுத்தவரிடம் நீட்டிவிடலாமே. கடிதமெல்லாம் எப்போதோ இந்த பைக்குகளை விற்றவர்களின் வீட்டுக்குப் போயிருக்கிறது. நர்ஸ் தலையில் கைவைத்தார். மெக்கானிக் கொழும்போடு நெடுநேரம் பேசி, சேசி நம்பர் ஒத்துப்போனால் போதும் என்று அனுமதி வாங்கினார். பத்தும் ஒத்துப்போயின. கராஜே கைதட்டியது.

என் முறை வந்தது. கழற்றிய குழாயை அவர் மூட்டுக்குப் பக்கத்தில் லேசாக வளைத்தார். ரப்பர் பிளந்து உள்ளே இருந்த நூல் தெரிந்தது. ஒயில் கசிந்து அவர் விரலில் இறங்கியது. மற்ற ஒன்பதிலும் அப்படி இல்லை. இதிலா மலையிலிருந்து வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். தினமும் மகளோடு எஞ்சினை நிறுத்திவிட்டு வருவேன் என்பதை மறைத்து, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்தக் குழாயை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி வளைத்துப் பார்த்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து ஓப்பன் பேப்பரை எடுத்து என் சட்டைப்பையில் வைத்தாள். அந்த வாரமே என் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்தேன்.

பரீட்சை நாளான திங்கள் காலை மகள் ஏறி உட்கார்ந்தாள். சரிவு தொடங்கும் இடத்தில் என் கை தானாகச் சாவிக்குப் போனது. அதை இழுத்து ஹேண்டிலில் வைத்தேன். முதல் கியரில் எஞ்சின் மலையே அதிரக் கத்தியது.

“கேக்குதாப்பா?”

“கேக்கல, கத்திச் சொல்லு.”

அவள் என் காதோடு வாயை வைத்து, இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் நாடியின் சுவர் தடித்தது, அழுத்தத்தைத் தாங்கும் என்று கத்தினாள். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். டவுன் வரை கத்திக்கொண்டே வந்தாள். நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன்.