நாற்றம் நின்ற பிறகு

எனக்குச் சத்தமாகப் பேச வராது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனாலும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேனே தவிர, கண்டக்டரைக் கூப்பிட மாட்டேன். அப்படிப்பட்ட நான் ஒரு நாள் காலையில், பத்துப் பதினைந்து பேர் பார்க்க, ஒரு மாணவியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் எனக்கு வேலை. ஆய்வுக்கூடத்தில் மிஞ்சும் கழிவு ரசாயனங்களைக் கேன்களில் ஊற்றி வைப்பார்கள். அவற்றைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய், கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் அடுக்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒரு முறை லாரி வந்து எடுத்துப்போகும். உள்ளே என்ன இருக்கிறதென்று ஒவ்வொரு கேனிலும் சீட்டு ஒட்டியிருக்கும். எல்லாம் இங்கிலீஷ். நான் ஐந்தாவது வரைதான். மூடியின் நிறத்தைப் பார்த்து அடுக்குவேன். சிவப்பு மூடி என்றால் அமிலம், வெள்ளை என்றால் மற்றது. படிக்கத் தெரியாதென்று யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

அதற்கு முன் ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலை செய்தேன். அங்கே காலி கேன் என்றால் போட்டி. கழுவித் தண்ணீர் பிடிக்க வீட்டுக்கு எடுத்துப் போவோம். அதனால் எங்கே அரை கேன் நின்றாலும் இன்னொன்றோடு சேர்த்து ஊற்றி ஒன்றைக் காலி செய்வது கைப்பழக்கம் ஆகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் முதல் நாளே, எதையும் எதோடும் சேர்க்கக் கூடாது என்றார்கள். தலையாட்டினேன். ஆனால் அன்றைக்கு அறையில் கால் வைக்க இடமில்லை. லாரி வர இன்னும் ஒரு வாரம். வெள்ளை மூடி போட்ட இரண்டு கேன்கள் பாதிப் பாதியாக நின்றன. ஒரே நிறம்தானே என்று ஒன்றைத் தூக்கி மற்றதில் சாய்த்தேன்.

ஒன்றில் இருந்தது அமிலம். சிவப்பு மூடி உடைந்து, யாரோ வெள்ளையைப் போட்டிருக்கிறார்கள். மற்றதில் சல்பைடு, டேனரியில் தோலிலிருந்து முடியை எடுக்கப் போடும் அதே சரக்கு. எனக்கு அது சீட்டில் தெரியவில்லை, மூக்கில் தெரிந்தது. அழுகிய முட்டை நாற்றம்.

கேனை விட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்குள் ஓடி, "வெளிய போங்க, வெளிய போங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதற்குள் நாற்றமே எல்லோரையும் கிளப்பிவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி தாழ்வாரத்துக்கு வந்தார்கள்.

"எவன்டா காலைல முள்ளங்கி சாம்பார் சாப்பிட்டவன்?" என்றான் ஒரு மாணவன்.

"உன் பக்கத்துலதான் ஜாஸ்தியா வருது" என்றான் இன்னொருவன்.

டேனரியில் ஒரு தடவை, இதே நாற்றம் அடித்த தொட்டியைக் கழுவ இறங்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்க இறங்கியவரும் மேலே வரவில்லை. நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைத்துத்தான் இரண்டாமவர் இறங்கினார். அந்த விஷக் காற்று ஜாஸ்தியானால் முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும் என்று பிறகு மேஸ்திரி சொன்னார். அன்றிலிருந்து எங்களில் யாரும் நாற்றம் நின்றால் அங்கே நிற்க மாட்டோம்.

தாழ்வாரத்தில் நாற்றம் சட்டென்று நின்றது.

"அப்பாடா, போயிடுச்சு" என்றாள் ஒரு ஆராய்ச்சி மாணவி. "அண்ணா, என் லேப்டாப் உள்ள இருக்கு. ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"வேணாம்மா."

"ரெண்டே நிமிஷம்ணா. அஞ்சு வருஷ வேலை அதுலதான் இருக்கு."

நடந்துவிட்டாள். காரணத்தைச் சொன்னால் நிற்பாள். சொன்னால், ஊற்றியது யார் என்று கேட்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். எத்தனை நொடி என்று தெரியாது. நின்றேன் என்பது மட்டும் தெரியும். அவள் கை கதவில் பட்டதும் ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து விழுந்தது.

"யோவ், இன்னா பண்ற? பொண்ணு கைய வுடுய்யா!" என்று காவலாளி ஓடி வந்தார்.

"நாத்தம் போவல. நம்ம மூக்குதான் போய்ட்ச்சி" என்று கத்தினேன். "ரெண்டு கேன ஒண்ணா ஊத்திட்டேன். நான்தான் ஊத்தினேன். உள்ள போனா செத்துடுவம்மா."

அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் படியிறங்கி மைதானத்துக்கு ஓடினோம். பாதுகாப்பைப் பார்க்கும் மேடம் முகமூடி மாட்டிக்கொண்டு, விஷக் காற்றை அளக்கும் கையடக்க மீட்டர் ஒன்றோடு மேலே போனார். அவர் ஆய்வுக்கூடத்துக் கதவை நெருங்கும் முன்பே மீட்டர் அலறியது எங்களுக்குக் கீழே வரை கேட்டது. அந்த மாணவி என்னைப் பார்த்தாள். பிறகு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதுகில் சிலிண்டர் மாட்டிய ஆட்கள் வந்து அறையைச் சரி செய்ய மத்தியானம் ஆனது. மேடம் என்னிடம் வந்தார்.

"சீட்டப் பாக்கலையா?"

"பாத்தேன் மேடம். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது."

"இத்தனை வருஷமாவா?"

அவர் திட்டவில்லை. அறைக்குள் இருந்த கேன்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பவர்போல நின்றார். அவர் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்த பிறகு என் பயம் இன்னும் ஜாஸ்தியானது.

என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஒரு நாள் படுக்க வைத்தார்கள். வேலை போகும் என்று நினைத்தேன், போகவில்லை. அறைக் கதவில் இப்போது ஒரு மீட்டர் தொங்குகிறது. சீட்டுகளில் தமிழிலும் எழுதுகிறார்கள். ஆனாலும் அந்த மாணவி கேன் கொண்டுவந்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று வாயால் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பாள். நான் சத்தமாகத் திருப்பிச் சொல்வேன். சரி என்று அவள் தலையாட்டும்வரை கேனில் கை வைக்க மாட்டேன்.